ஒன்றரை மீட்டர்

வணக்கம் சார்,

இரண்டு வருடமாக உங்களைப் படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. என் தாத்தா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவருடைய பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா அலமாரியில் அப்படியே இருந்தது. போன மாதம்தான் வெளியே எடுத்தேன். பட்டனை அழுத்தியதும் 'டக்' என்று சத்தம் வந்தது, ரொம்ப சந்தோஷமாகிவிட்டது. மேலே 14 என்று ஒரு எண் தெரிந்தது. உள்ளே ஃபிலிம் இருக்கிறதா என்று பார்க்கப் பின்கதவைத் திறந்தேன். இருந்தது! பயந்துபோய் உடனே மூடிவிட்டேன். மூடிய பிறகு அந்த 14 காணாமல் போய்விட்டது.

என் பிரச்சினை லென்ஸ்தான். 50 மி.மீ. லென்ஸ். ஃபோகஸ் வளையம் இறுகிப்போயிருக்கிறது, எவ்வளவு பலமாகத் திருப்பினாலும் அசையவில்லை. ஒளி நுழையும் துளையை மாற்றும் அபெர்ச்சர் வளையமும் ஷட்டர் வேகத்தை மாற்றும் டயலும் நன்றாகத் திரும்புகின்றன. இந்த லென்ஸை ஒதுக்கிவிட்டு வேறு பழைய லென்ஸ் வாங்கலாமா? ஹீலியோஸ் 44-2, சூப்பர் டாகுமார் இரண்டையும் எல்லோரும் சொல்கிறார்கள். அவற்றில் ஒரு ஆன்மா இருக்கிறது, இன்றைய லென்ஸ்களில் அது இல்லை என்று படித்தேன். என்னிடம் இருக்கும் மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவிலும் பழைய லென்ஸ்களை மாட்டலாம் என்கிறார்களே, உண்மையா?

நண்பர்கள் கேலி செய்கிறார்கள். போனிலேயே இதைவிட நல்ல படம் வருகிறது, ஃபிலிம் லுக் வேண்டுமென்றால் ஃபில்டர் போட்டுக்கொள் என்கிறார்கள். பழைய கேமராக்கள் மீதான இந்த ஈர்ப்பு வெறும் ஃபேஷன்தானா? ஆட்டோ ஃபோகஸ் வந்த பிறகும் எதற்குக் கையால் திருப்ப வேண்டும்?

கேமராவை மேலிருந்து எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஃபோகஸ் வளையத்தை விட்டுக் கையை எடுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை திருப்ப முயலாதீர்கள், இடுக்கியால் பிடிக்காதீர்கள், எண்ணெய் விடாதீர்கள், யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று சூடேற்றாதீர்கள். காரணம் அப்புறம் சொல்கிறேன். உங்கள் கடிதம் வந்தபோது என் அப்பாவின் கேமராப் பை என் மேசைமேல் திறந்து கிடந்தது. இரண்டு வாரமாக அப்படியேதான் கிடக்கிறது. அதனால்தான் முன்னால் வந்த கடிதங்களையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

அடுத்தது திட்டு. பின்கதவை ஏன் திறந்தீர்கள்? எத்தனையாவது படம் என்று காட்டும் இடத்தில் 14 தெரிகிறது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபிலிமை நகர்த்த இழுக்கும் லிவரை, ஃபிலிம் இல்லாமல் இழுத்தாலும் அந்த எண் ஓடும்தான், ஆனால் ஒரு சந்தேகமாவது வந்திருக்க வேண்டாமா? திறக்காமலே பார்க்க வழி இருக்கிறது. ஃபிலிம் கேமரா வைத்திருந்தவர்களுக்குக் கை தானாகச் செய்கிற காரியம் அது. இடது பக்கம் மேலே ரீவைண்ட் குமிழ் இருக்கிறது இல்லையா, அதன் சின்னக் கைப்பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் பக்கமாக மெல்லத் திருப்ப வேண்டும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் சும்மா சுற்றிக்கொண்டே போகும். ஃபிலிம் இருந்தால் கொஞ்ச தூரத்திலேயே விரலில் ஒரு இழுப்பு தெரியும், கிணற்றில் வாளி நிறைந்ததும் கயிறு கனக்குமே, அதுபோல. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். எந்த லென்ஸ் வாங்கலாம் என்று ஒரு மாதம் தேடியிருக்கிறீர்கள், இந்த ஐந்து நிமிடம் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த இரண்டு நொடியில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஃபிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சில் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. ஒளி பட்ட படிகத்தில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடி ஒரு புள்ளியாக நிற்கும். எந்தக் கண்ணுக்கும் தெரியாத அளவு அது. ரோலைக் கழுவும்போதுதான் டெவலப்பர் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு முழுப் படிகத்தையும் கறுப்பு வெள்ளியாக மாற்றும். உங்கள் தாத்தா எடுத்த 13 படங்களும் ஒன்பது வருடத்துக்கும் மேலாக அந்த நிலையில் இருட்டில் காத்திருந்தன. எடுத்து முடித்த ஃபிலிம் வலது பக்கச் சுருளில் போய்ச் சுற்றிக்கொள்ளும், முதலில் எடுத்தவை அடிச் சுற்றிலும் கடைசியாக எடுத்தவை மேல் சுற்றிலும். கதவைத் திறந்ததும் ஒளி மேல் சுற்றில்தான் விழும். அதனால் 13, 12, ஒருவேளை 11, 10 வரை போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் முதல் சில படங்கள் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஓரத் துளைகளின் வழியே கசிந்த ஒளி கொஞ்சம் கறையாக விழுந்திருக்கும், அவ்வளவுதான். அதனால் உட்கார்ந்து அழ வேண்டாம். நீங்கள் உடனே மூடினீர்கள், அது நல்லது. எத்தனையோ பேர் திறந்துவைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, படம் தெரிகிறதா என்று ஃபிலிமைப் பார்ப்பார்கள்.

இனி செய்ய வேண்டியது இவ்வளவுதான். கேமராவின் அடிப்பக்கம் ஒரு சிறிய பட்டன் இருக்கும், அதை அழுத்திவிட்டு அதே ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் நிதானமாகச் சுற்றுங்கள். இழுப்பு தெரிந்துகொண்டே வரும், ஒரு கட்டத்தில் சட்டென்று விட்டுப்போகும், இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு நிழலில் திறந்து எடுங்கள். கையால் கழுவித் தருகிற லேபில் கொடுங்கள், பழைய ரோல், இடையில் கதவு திறந்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள். கலர் ரோலாக இருந்தால் நிறம் தேறுமா என்று அவர்களிடம் பேசி முடிவு செய்யுங்கள். கறுப்பு வெள்ளை முறையில் கழுவினால் உருவமாவது கிடைக்க வாய்ப்பு கூடுதல், ஆனால் நிறம் பிறகு திரும்ப வராது. மிச்சமிருக்கும் படங்களை நாமே எடுத்துத் தீர்த்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அது அவருடைய ரோல்.

சரி, உங்கள் கேள்விகள். ஃபேஷனா என்றால், ஃபேஷனும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். 1984-இல் வந்த எம்6 கேமராவை லைக்கா 2022-இல் மறுபடி செய்யத் தொடங்கியது, 2024-இல் பென்டாக்ஸ் 17 என்று புத்தம் புதிய ஃபிலிம் கேமரா ஒன்றே வந்தது. ஃபேஷனால் வந்தவர்களில் பத்தில் ஒருவர் தங்கினாலும் ஃபிலிம் செய்கிறவர்களும் கழுவுகிறவர்களும் பிழைத்திருப்பார்கள். போனில் நல்ல படம் வருகிறது என்ற நண்பர்கள் சொல்வது உண்மை, அவர்களோடு வாதாட என்னிடம் ஒன்றுமில்லை, நீங்களும் வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனால் 'ஆன்மா' என்ற சொல்லை மட்டும் என்னால் விட முடியாது. லென்ஸ் என்பது கண்ணாடி, பித்தளை, அலுமினியம், கிரீஸ். அதில் ஆன்மா கிடையாது. நீங்கள் கேட்ட ஹீலியோஸ் 44-2, ஜெர்மனியின் ஜெய்ஸ் ஜெனா நிறுவனத்தின் பயோட்டார் 58 மி.மீ. லென்ஸின் வடிவமைப்பைப் பின்பற்றி சோவியத் நாட்டில் செய்தது. முகத்துக்குப் பின்னால் இலைகள் சுழல்வதுபோல் தெரிகிறதே, அதைத்தான் எல்லோரும் ஆன்மா என்கிறார்கள். படத்தின் ஓரங்களுக்கு வருகிற ஒளி லென்ஸ் குழாயின் விளிம்பில் வெட்டுப்பட்டு, வட்டமாக விழ வேண்டிய மங்கல் புள்ளிகள் பூனைக்கண் போல ஒடுங்கி, நடுவைச் சுற்றி வரிசைகட்டி நிற்கின்றன. அது ஒரு குறை. அந்தக் குறை அழகாக இருக்கிறது, எனக்கும் சில படங்களில் பிடிக்கும். பிடித்தால் பிடித்திருக்கிறது என்று சொல்லுங்களேன், எதற்கு அதற்கு ஆன்மா என்று பெயர்? சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ்கள் பலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, அந்தக் கண்ணாடி வருடக்கணக்கில் தானாகவே பழுப்பு மஞ்சளாகிவிடும். புற ஊதா ஒளியில் சில நாள், சில வாரம் வைத்தால் தெளிந்துவிடும். அந்த மஞ்சளையும் பழைய காலத்துக் கதகதப்பு என்று வர்ணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1896-இல் ஜெய்ஸ் நிறுவனத்தில் பவுல் ருடால்ஃப் வடிவமைத்த பிளேனார் என்ற லென்ஸின் பரம்பரைதான் ஹீலியோஸும் டாகுமாரும். உங்கள் கையில் இறுகிக் கிடக்கும் அந்தச் சாதாரண 50 மி.மீ. லென்ஸும் அதே பரம்பரைதான். ஒன்றை ஒதுக்கிவிட்டு அதன் பங்காளியை வாங்கப் போகிறீர்கள்.

கடைசியில் போகிறபோக்கில் கேட்டீர்களே, ஆட்டோ ஃபோகஸ் வந்த பிறகும் எதற்குக் கையால் திருப்ப வேண்டும் என்று. உங்கள் கடிதத்தில் கேள்வி என்றால் அது ஒன்றுதான். பழைய கேமராக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் உலோகத்தின் கனத்தைச் சொல்கிறார்கள், ஷட்டர் சத்தத்தைச் சொல்கிறார்கள், 36 படம்தான் என்பதால் யோசித்து எடுக்கிறோம் என்கிறார்கள். எல்லாம் சரிதான். நான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது வேறொன்று, கேட்பார் அதிகம் இல்லை. அது லென்ஸின் மேல் பொறித்திருக்கும் தூர எண்கள்.

உங்கள் லென்ஸை மேலிருந்து பாருங்கள், பார்த்தால் போதும். வளையத்தில் மீட்டரில் எண்கள் இருக்கும், ஒரு கோடியில் படுத்துக்கிடக்கும் எட்டு, அது முடிவிலி. அரை மீட்டருக்கும் 1 மீட்டருக்கும் இடையே எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று கவனியுங்கள். பிறகு 3 மீட்டரிலிருந்து முடிவிலி வரை பாருங்கள். தெருமுனை, மரம், மலை, நிலா எல்லாம் அந்தக் கொஞ்ச இடத்தில் அடங்கிவிட்டன. 50 மி.மீ. லென்ஸ் முடிவிலியிலிருந்து 3 மீட்டருக்கு வர முன்னால் நகர வேண்டியது ஏறக்குறைய 0.85 மி.மீ., ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 1 மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு வர கிட்டத்தட்ட மூன்றரை மி.மீ. நகர வேண்டும். தூரத்தில் இருப்பதற்கெல்லாம் சேர்த்து ஒரு மயிரிழை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஒளியியல் கணக்கு அப்படித்தான் வருகிறது, யாரும் உணர்ச்சிவசப்பட்டுச் செய்ததில்லை. ஆனால் வருடக்கணக்கில் அந்த வளையத்தைத் திருப்பிய கைக்கு இது தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு நிறையத் திருப்ப வேண்டும் என்று கட்டைவிரல் கற்றுக்கொள்ளும்.

இதில் கற்க என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. முகம் எப்படி விழும் என்பதை முடிவு செய்வது தூரம்தான். அகல லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். லென்ஸ் அதைச் செய்வதில்லை, கிட்டே போய் நின்றதுதான் அதைச் செய்கிறது. மூக்கு நுனி காதைவிட 10 செ.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 40 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் மூக்கு 40-இல், காது 50-இல், மூக்கு காதைவிடக் கால் பங்கு பெரிதாகிவிட்டது. ஒன்றரை மீட்டரில் நின்று பார்த்தால் 150-க்கு 160, வித்தியாசம் தெரியவே தெரியாது. கையை நீட்டிப் போனில் எடுத்துக்கொள்ளும் படத்தில் முகம் ஏன் யாரோ போல இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். நாம் ஒருவரைப் பார்த்துப் பழகிய தூரம் ஒன்று இருக்கிறது. அந்தத் தூரத்தில் நின்றால்தான் அவர் அவராக வருவார்.

1985-இல் மினோல்டா 7000 வந்த பிறகு ஆட்டோ ஃபோகஸ் எல்லோர் கைக்கும் வந்தது. மோட்டார் வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதால் அரைவட்டமாக இருந்த திருப்பம் சுருங்கியது, எண்கள் சின்ன ஜன்னலுக்குள் போயின, பிறகு பல லென்ஸ்களில் ஜன்னலும் போய்விட்டது. இப்போது பெரும்பாலான லென்ஸ்களில் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பே இல்லை, நாம் திருப்புவதை மின்சாரம் மோட்டாருக்குச் சொல்கிறது. இரண்டு பக்கமும் முட்டி நிற்கும் இடம் கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றிக்கொண்டே இருக்கலாம். கேமராவை அணைத்தால் பல லென்ஸ்கள் எங்கே நின்றோம் என்பதையே மறந்துவிடும். ஓடுகிற குழந்தையை, பறக்கிற பறவையை அது பிடித்துவிடும், நானும் அதற்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். கண் எங்கே இருக்கிறது என்று அது நொடியில் கண்டுபிடிக்கும். நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று மட்டும் உங்களைக் கேட்கவே கேட்காது.

மிரர்லெஸ் கேமராவில் மாட்டலாமா என்றால் மாட்டலாம். உங்கள் பென்டாக்ஸ் லென்ஸ் ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்பதற்காகச் செய்தது, ஹீலியோஸ், டாகுமார் போன்ற எம்42 திருகு லென்ஸ்களுக்கும் அதே அளவுதான். சோனி மிரர்லெஸ்ஸில் அந்த இடைவெளி 18 மி.மீ. மிச்சம் 27.46 மி.மீ. நீளத்துக்கு நடுவே ஒரு வெறும் குழாய் போட்டால் வேலை முடிந்தது. அதன் பெயர் அடாப்டர். ஆனால் பல அடாப்டர்களை வேண்டுமென்றே ஒரு துளி குட்டையாகச் செய்கிறார்கள், முடிவிலி கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று. நிலா கிடைத்துவிடும், ஆனால் வளையத்தில் இருக்கும் எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும். 2 என்று வைத்தால் கூர்மை 2 மீட்டரில் இருக்காது. திரையைப் பார்த்தே திருப்புகிறவர்கள் இதைக் கவனிப்பதுகூட இல்லை. எனக்கு அது பொய் எடைக்கல் மாதிரி. வாங்கினால் டேப் வைத்து அளந்து, எண்ணும் தூரமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அளக்க வேண்டியது லென்ஸிலிருந்து இல்லை, ஃபிலிமோ சென்சாரோ இருக்கும் இடத்திலிருந்து. பல கேமராக்களின் மேல்பக்கம் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் போட்டிருக்கும், அதுதான் அந்த இடம்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. அவரிடம் இருந்தது நிக்கான் எஃப்எம்2, ஷட்டர் முழுக்க இயந்திரம், ஒளியை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி. அதில் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, வேறு லென்ஸ் அவர் வாங்கவே இல்லை. வ்யூஃபைண்டரின் நடுவில் ஒரு வட்டம் இருக்கும், ஃபோகஸ் சரியில்லாவிட்டால் அந்த வட்டத்துக்குள் ஒரு நேர்க்கோடு இரண்டாக உடைந்து தெரியும், வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பாதியும் நகர்ந்துவந்து ஒட்டிக்கொள்ளும். ஐம்பது வயதுக்குப் பிறகு அவருக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. "ரெண்டும் ஒட்டுதான்னு நீ பாரு" என்று என்னிடம் கேமராவைத் தருவார். நான் பார்த்துச் சொல்வேன். சில மாதத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். எடுக்கப்போகிறவர் முன்னால் போய் நின்று, அங்கிருந்து எட்டு வைத்துப் பின்னால் வருவார். அவருடைய ஒரு எட்டு 75 செ.மீ., இரண்டு எட்டு வந்தால் ஒன்றரை மீட்டர். வாய்விட்டு "ஒண்ணரை" என்பார். வளையத்தை முடிவிலிப் பக்கம் முட்டும்வரை தள்ளிவிட்டு, அங்கிருந்து ரப்பரின் வரிகளைக் கட்டைவிரலால் எண்ணிக்கொண்டு திருப்புவார். பார்ப்பதே இல்லை. இருட்டில் உட்கார்ந்து அதைப் பழகியதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே போகும்போதெல்லாம் எனக்குப் பரீட்சை நடக்கும். "அந்தத் தூண்?" "நாலு மீட்டர்." "நடந்து பாரு." நடந்து பார்த்தால் ஐந்தரை இருக்கும். மறுபடி வேறொன்று. வெயிலில் அபெர்ச்சர் எஃப் 11, ஃபோகஸ் 3 மீட்டர் என்று வைத்துவிட்டால் 2 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை எல்லாம் கூர்மையாக விழும், பார்க்கவே வேண்டியதில்லை என்பார். அதனால் வெயிலில் எடுத்த படங்களில் தவறே இருக்காது. நிழலில்தான் கஷ்டம், நிழலில்தான் அவர் நிறைய எடுத்தார்.

அவர் போன பிறகு நெகட்டிவ்களை ஸ்கேன் செய்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அம்மாவின் படங்கள் எல்லாவற்றிலும் தலையின் அளவு ஒன்றாக இருக்கிறது. இருபது வருடப் படங்கள், புடவை மாறுகிறது, முடி நரைக்கிறது, சுவரின் நிறம் மாறுகிறது, தலை அதே அளவு. எந்த வருடத்திலும் அவர் அதே தூரத்தில் நின்றிருக்கிறார். என் படங்கள் அப்படி இல்லை. சின்ன வயதில் முகம் ஃபிரேம் முழுக்க இருக்கிறது, பள்ளிக்கூட வயதில் இடுப்புவரை, கல்லூரிக்குப் போன பிறகு முழு ஆளும் தெரிகிறேன், சுற்றிலும் நிறைய இடம். அவர் பின்வாங்கியிருக்க மாட்டார். நான்தான் கிட்டே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். அந்த வயதுக்காரனிடம் எத்தனை எட்டு தள்ளி நிற்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

இப்போது மேசைமேல் இருக்கும் பை. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது, அந்தப் பையை நான் திறக்கவில்லை. இரண்டு வாரம் முன்னால் வேறெதையோ தேடும்போது கையில் கிடைத்தது, திறந்தேன். கேமராவில் ஃபிலிம் இல்லை. லென்ஸ் கொஞ்சம் வெளியே நீண்டிருந்தது. பையில் வைக்கும் முன் ஃபோகஸை முடிவிலிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், லென்ஸ் குட்டையாகி உள்ளே ஒடுங்கும் என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம், அவர் தவறியதே இல்லை. கடைசி முறை மட்டும் செய்யவில்லை. ஏதோ ஒன்றை எடுத்துவிட்டு, அல்லது எடுக்கப் பார்த்துவிட்டு, அப்படியே வைத்திருக்கிறார். என் கை பழக்கத்தில் வளையத்தைப் பிடித்துத் திருப்பியது. போய் முட்டி நின்ற சத்தம் கேட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. திருப்பும் முன் அது எந்த எண்ணில் நின்றது? நான் பார்க்கவில்லை. எவ்வளவு திருப்பினேன் என்று கையை நினைவுபடுத்திப் பார்க்கிறேன், கால்வட்டமா, அதற்கும் குறைவா, சொல்ல முடியவில்லை. கால்வட்டம் என்றால் எதிரில் ஒரு ஆள் இருந்திருக்கிறார். குறைவு என்றால் ஜன்னலுக்கு வெளியே ஏதோ. அது அம்மாவின் தூரமா என்று எனக்கு இனிமேல் தெரியவே போவதில்லை.

உங்கள் கடிதம் இதற்குப் பிறகு வந்தது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷட்டர் டயல் 60-இல் நிற்கிறது, அபெர்ச்சர் 4-இல். இரண்டையும் நீங்கள் திருப்பிப் பார்த்திருக்கிறீர்கள், அவற்றை நம்ப முடியாது. ஃபோகஸ் வளையம் 1.5-இல் நிற்கிறது. வருடக்கணக்கில் அசையாமல் கிடந்ததால் உள்ளே திருகுமரையில் தடவிய கிரீஸ் எண்ணெய் வற்றிப் பசையாகிவிட்டது, உங்கள் கடிதத்தின் பெரிய குறையே அதுதான். அந்தப் பசை உங்களிடமிருந்து அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பட்டனை அழுத்தியதும் சத்தம் வந்தது என்றீர்கள், அப்படியென்றால் லிவரை ஏற்கெனவே இழுத்து வைத்திருக்கிறது. 13 படம் எடுத்துவிட்டு 14-க்குத் தயாராக இருந்திருக்கிறார் உங்கள் தாத்தா. அந்த 14-ஐ நீங்கள் எடுத்துவிட்டீர்கள். 13-ஆவது படம் பெரும்பாலும் கழுவினாலும் வராது, அதை முன்னமே சொன்னேன். அந்த ஒன்றரை மீட்டர் 13-க்கு உரியதா, 14-க்கு என்று அவர் திருப்பி வைத்ததா என்று சொல்ல முடியாது, எதுவானாலும் அவர் கை வைத்தது. 50 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மீட்டரில் ஃபிரேமுக்குள் விழுவது ஏறக்குறைய 1 மீட்டருக்கு 67 செ.மீ. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்திருந்தால் உட்கார்ந்திருக்கும் ஒருவர், தலையிலிருந்து மடியில் வைத்த கைவரை. மரத்தையோ வாசலையோ அந்தத் தூரத்தில் யாரும் எடுப்பதில்லை.

ஆக, லென்ஸ் எதுவும் வாங்க வேண்டாம். முதலில் வளையம் நிற்கும் இடத்தை நேர் மேலிருந்து தெளிவாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு தாளில் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள், ஏனென்றால் சர்வீஸ் செய்கிறவர் எடுத்ததும் அதைத் திருப்பிவிடுவார், அது அவர் வேலை. மேனுவல் லென்ஸைப் பிரித்துப் பழகியவரிடம் கொடுங்கள். திருகுமரையைக் கழற்றும்போது பிரியும் இடத்தில் குறி போட்டுக்கொள்ளத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மரை பல வாய்களில் ஏறும், வாய் மாறி ஏற்றினால் முடிவிலி போய்விடும், எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும். பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது தடவினால் இன்னும் முப்பது நாற்பது வருடம் ஓடும். அது திரும்பி வருவதற்குள் வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள், தாத்தா கடைசி நாட்களில் யாரை உட்காரவைத்துப் படம் எடுத்தார், எந்த இடத்தில் என்று. யாராவது சொன்னால் அந்த இடத்துக்கு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.